பக்கவாதத்துக்குப் பிறகு சிறுநீர் கட்டுப்படவில்லையா? வீட்டில் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிறுநீர் கட்டுப்படாமல் போகிறது. வீடு திரும்பும்போது நான்கில் ஒருவருக்கு அது தொடர்கிறது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 100 பேரில் 15 பேர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பலருக்கு இது சரியாகக்கூடிய பிரச்சினை. முதல் சில மாதங்களில் வீட்டில் என்ன செய்கிறோம் என்பது இதில் பெரிய பங்கு வகிக்கிறது.

வீடுகளுக்கே போய்ப் பக்கவாத நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் நான். போகிற வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். டிஸ்சார்ஜ் ஆகி வரும் வழியிலேயே டயப்பர் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் குடிக்கும் தண்ணீரைக் குறைக்கிறார்கள். அதற்கப்புறம் "வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் டயப்பர் 13-ஆவது படியில் வருகிறது. அதற்கு முன்னால் உள்ளவற்றைச் செய்து முடித்த வீடுகளில் பகல் டயப்பருக்குப் பெரும்பாலும் வேலை இருப்பதில்லை.

என்ன நடக்கிறது என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப்பை நிரம்பும்போது மூளையின் முன்பகுதி "இப்போது வேண்டாம், பொறு" என்று அதை அடக்கி வைக்கும். பக்கவாதத்தில் அந்த இடமோ, அங்கிருந்து இறங்கும் பாதையோ அடிபட்டால் அந்த உத்தரவு பைக்குப் போய்ச் சேராது. பை பாதி நிரம்பும் முன்பே தானாகச் சுருங்கும். சிலருக்கு, முக்கியமாக முதல் சில வாரங்களில், இதற்கு நேர்மாறாகப் பை சுருங்கவே மறுக்கும். இன்னும் சிலருக்குப் பையில் கோளாறே இருக்காது. எழுந்து போக முடியாது, சொல்ல முடியாது, துணியை அவிழ்க்க முடியாது, அவ்வளவுதான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால்தான் வரிசை முக்கியம்.

1. இவை இருந்தால் முதலில் மருத்துவமனை

கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வீட்டில் எதையும் முயல வேண்டாம்.

6 முதல் 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அடிவயிறு கல் போல உப்பியிருக்கிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். சிறுநீரில் ரத்தம். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசுகிறார், அல்லது எழுப்பினாலும் தூங்கித் தூங்கி விழுகிறார். தொடையிடுக்கில் மரத்துப்போய், நன்றாக இருந்த காலும் வலுவிழக்கிறது.

முகம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது புதிதாக வந்தால் மறுபடியும் பக்கவாதமாக இருக்கலாம். மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.

2. கைவசம் இருக்க வேண்டியவை

கமோடு நாற்காலி ஒன்று. சக்கரம் வைத்ததாக இருந்தால் நான்கிலும் லாக் இருக்க வேண்டும். ஆண்களுக்கு மூடியுள்ள யூரின் பாட்டில், பெண்களுக்கு வாய் அகன்ற வகை அல்லது பெட்பேன். மில்லி அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை. இதைச் சிறுநீர் அளக்க மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஷீட், அதன் மேல் விரிக்கப் பருத்தித் துணி. ஒரு நோட்டு, பேனா, எல்லோர் கண்ணிலும் படுகிற சுவர்க் கடிகாரம்.

டிஸ்சார்ஜ் தாளையும் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். 5-ஆவது படியில் தேவைப்படும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்: யார் உதவப் போகிறார்கள்? மகன் வந்து அவிழ்த்துவிடுவதை அம்மாவால் தாங்க முடியாது. மருமகளைக் கூப்பிட மாமனாருக்கு நா எழாது. மனைவி சந்தையிலிருந்து வரட்டும் என்று அடக்கி அடக்கி, கடைசியில் கட்டிலிலேயே போய்விடுகிற பெரியவர்களை நிறையப் பார்க்கிறேன். யாரிடம் கூச்சம் இல்லை என்று அவரிடமே கேளுங்கள். அந்த ஆள் வெளியே போனால் அடுத்து யார் என்பதையும் கேளுங்கள். கட்டிலைச் சுற்றி ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டினால்கூடப் பாதிக் கூச்சம் போய்விடும்.

3. டியூப்போடு வீடு வந்திருந்தால்

கதீட்டர், அதாவது சிறுநீரை வடிக்கப் பைக்குள் விட்டு வைக்கும் டியூப், இல்லாதவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: "இதை எதற்காக வைத்திருக்கிறீர்கள்? எந்தத் தேதியில் எடுக்கப் போகிறீர்கள்?" சிறுநீர் அடைத்துக்கொண்டதால் வைத்திருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. படுக்கை நனையாமல் இருக்க வைத்தது அப்படியே மறந்துபோயிருந்தால், அது ஆபத்தைச் சுமப்பது. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை கூடுகிறது.

எடுக்கும் வரை: யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். கட்டிலில் வைத்தால் சிறுநீர் திரும்பி உள்ளே போகும். தரையில் வைத்தால் அழுக்கு ஏறும். முக்கால்வாசி நிரம்பும் முன் காலி செய்யுங்கள். டியூப்பைத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டிவிடுங்கள். உணர்ச்சி குறைந்த பக்கம் இழுபட்டால் அவருக்கே தெரியாது. ஆண்களுக்குச் சுத்தம் செய்ய முன்தோலைப் பின்னால் தள்ளினால், முடிந்ததும் முன்னுக்குக் கொண்டுவர மறக்கவே கூடாது. அப்படியே விட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும்.

பேக்கில் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். டியூப் இருக்கும்போது கிருமி இருப்பது சகஜம். காய்ச்சல், அடிவயிற்று வலி, புதிய குழப்பம் இருந்தால்தான் சிகிச்சை. டியூப்பைக் கிளிப் போட்டு மூடி மூடித் திறப்பதையும் மருத்துவர் சொல்லாமல் செய்ய வேண்டாம். திறக்க மறந்தால் பை அளவுக்கு மீறி விரிந்துவிடும். உள்ளே தண்ணீர் நிரப்பிய சிறு பலூன் இருக்கிறது. அதை வற்றவைக்காமல் இழுத்தால் சிறுநீர்ப் பாதை கிழியும். அதனால் எடுப்பது செவிலியர் வேலை. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் பதிந்திருந்தால், வீட்டுக்கு வரும் செவிலியரிடம் டியூப் பராமரிப்பைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

எடுத்த அன்று 6 முதல் 8 மணி நேரத்துக்குள் சிறுநீர் தானாகப் போக வேண்டும். போகிற அளவைக் குவளையில் அளந்து எழுதுங்கள்.

4. பை முழுதாகக் காலியாகிறதா?

எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. கசிவைப் பார்த்ததும் "அடக்க முடியவில்லை" என்றுதான் தோன்றும். ஆனால் பை சுருங்காமல் நிரம்பி நிரம்பி, விளிம்பில் வழிவதும் வெளியே பார்க்கக் கசிவு போலத்தான் இருக்கும். அதை அடங்காமை என்று நினைத்துப் பையைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

வழிவதுதான் என்று சந்தேகிக்க அடையாளங்கள்: எப்போதும் சொட்டுச் சொட்டாக நனைவது, ஒரே மூச்சில் நிறையப் போகாதது, முக்கி முக்கிப் போவது, போய்விட்டு வந்த பிறகும் தொப்புளுக்குக் கீழே அழுத்தினால் கனமாக இருப்பது. ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம் இருந்த ஆண்களுக்கும், நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது அதிகம்.

உறுதி செய்ய ஒரே வழி, சிறுநீர் கழித்த உடனே எடுக்கும் ஸ்கேன். வயிற்று ஸ்கேன் எடுக்கும் எந்த மையத்திலும் "யூரின் போன பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம், ரிப்போர்ட்டில் பி.வி.ஆர். என்று போடுவார்கள். 50 மில்லிக்குள் இருந்தால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் பேச வேண்டும். 200, 300 என்று இருந்தால் அதைச் சரிசெய்யாமல் 9-ஆவது படிக்குப் போகவே கூடாது. ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் காக்கவைத்து, பை பொங்கும் நிலையில் அவசரமாகப் போய்விட்டு வந்தால் அளவு தவறாக வரும். நிதானமாக உட்காரவைத்துப் போகவைத்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

மிச்சம் அதிகம் என்றால், நிரந்தர டியூப் வைப்பதற்கு முன்னால், நாளுக்குச் சில தடவை மெல்லிய டியூப்பை நுழைத்துக் காலி செய்து உடனே எடுத்துவிடும் முறை சரிப்படுமா என்று கேளுங்கள். சுத்தமாகச் செய்ய வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ள முடியும். பலருக்குச் சில வாரங்களில் பை விழித்துக்கொள்கிறது.

5. மலச்சிக்கல், தொற்று, சர்க்கரை, மாத்திரை

மலச்சிக்கலைத்தான் முதலில் பார்ப்பேன். மலக்குடல் அடைத்திருந்தால் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பை நசுங்கும். அதனால் அடிக்கடி வரும், முழுதாகவும் போகாது. மூன்று நாளாக மலம் போகாதவருக்கு வேறு எந்தப் பயிற்சியும் பலிக்காது. மலச்சிக்கலிலும் இளக்கமாகக் கசியும் என்பதால், "நேற்றுகூடத் தண்ணியாப் போச்சே" என்பதை நம்பிவிடாதீர்கள்.

திடீரென்று அதிகமான எரிச்சல், நாற்றம், அடிக்கடி போவது என்றால் சிறுநீர்ப் பரிசோதனை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் சிறுநீரின் அளவே கூடும்; அப்போது பையைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாத்திரைப் பையை இப்போது எடுங்கள். லாசிக்ஸ் போன்ற நீர் பிரியும் மாத்திரை உண்டா? எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் உண்டா? அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை, சிறுநீரும் கூடும். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் சிலருக்குக் காலில் நீர் கோக்கவைக்கும்; அந்த நீர் படுத்ததும் இறங்கி இரவில் சிறுநீராக வரும். தூக்க மாத்திரை உண்டென்றால் நிரம்பிய உணர்வே எழுப்பாது.

இவற்றை எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. கல்யாணத்துக்குப் போகிறோம், வழியில் தொல்லை என்று பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு, இரண்டாவது பக்கவாதத்தோடு திரும்பியவர்கள் உண்டு. நேரத்தை மாற்றலாமா, மருந்தை மாற்றலாமா என்று கேட்பதுதான் சரி.

6. மூன்று நாள் நோட்டு

தொடர்ந்து மூன்று நாள், 24 மணி நேரமும். நான்கு கட்டம் போதும்: மணி, குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு, நனைந்ததா. நனைந்திருந்தால் அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஓரத்தில் ஒரு வார்த்தை: "எழுந்தபோது", "இருமியபோது", "காபிக்குப் பிறகு", "குழாய் சத்தம் கேட்டதும்".

மூன்றாம் நாள் முடிவில் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 100, 120 மில்லியாகப் பத்துப் பன்னிரண்டு தடவை போகிறாரா? பை சீக்கிரம் சுருங்குகிறது. 300, 350 மில்லி ஒரே தடவையில், அதுவும் கட்டிலில் போகிறதா? பை நன்றாகவே பிடித்து வைக்கிறது. போய்ச் சேர முடியவில்லை, எனவே 8-ஆவது படிதான் மருந்து. 24 மணி நேர அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போகிறதா? 12-ஆவது படி.

பலர் பகல் வேளையை மட்டும் எழுதிவிட்டு, இரவை "நாலஞ்சு தடவை" என்று முடித்துவிடுவார்கள். டயப்பர் போட்டிருந்தால், காய்ந்த டயப்பரை எடை பார்த்து வைத்துக்கொண்டு நனைந்ததையும் எடை பாருங்கள். ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லி.

7. தண்ணீரைக் குறைக்காதீர்கள்

குறைத்தால் சிறுநீர் கெட்டியாகும். கெட்டிச் சிறுநீர் பையை எரிச்சலூட்டி இன்னும் சீக்கிரம் சுருங்கவைக்கும். மலச்சிக்கல் வரும், கிருமித் தொற்றும் வரும். நம் ஊர் வெயிலில் உடம்பில் நீர் வற்றுவது பக்கவாத நோயாளிக்கு நல்லதே இல்லை.

இருதயம், சிறுநீரகத்துக்காக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவு. இல்லாவிட்டால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், மோர், கஞ்சி, ரசம் எல்லாம் சேர்த்து. இதில் பெரும்பகுதியைக் காலை எழுந்ததிலிருந்து மாலை 5, 6 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரே மூச்சில் ஒரு சொம்பு வேண்டாம், மணிக்கொரு தரம் அரை டம்ளர்.

காபி, டீ இரண்டும் பையைத் தூண்டும். ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் வரும். ஒரு வேளையாகக் குறைத்துவிட்டு நோட்டில் மாற்றம் தெரிகிறதா பாருங்கள். புரையேறுபவருக்குக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தால் தண்ணீரும் அப்படியேதான். கெட்டியாக்காத தண்ணீரைக் கொடுத்து நெஞ்சில் சளி பிடிக்கவைக்காதீர்கள்.

8. கட்டிலிலிருந்து கமோடு வரை

நிறைய வீடுகளில் பிரச்சினை முடிவது இந்த இடத்தில்தான். அவசரம் வந்ததிலிருந்து உட்காருவது வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து அளந்து பாருங்கள். எழுப்ப, செருப்பு மாட்ட, வாசற்படி தாண்ட, விளக்குப் போட, நாடா அவிழ்க்க என்று ஐந்தாறு நிமிடம் ஆகும். பக்கவாதத்துக்குப் பிறகு பை அவருக்குக் கொடுக்கும் அவகாசம் பல நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

கமோடு நாற்காலியைக் கட்டிலின் அருகே, அவருடைய நல்ல பக்கம் வையுங்கள். இடது கை கால் விழுந்தவருக்கு, கட்டிலில் உட்கார்ந்த நிலையில் வலது கைப்பக்கம். கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக, விளிம்பைத் தொட்டபடி, சக்கரங்களுக்கு லாக் போட்டு. எழுந்து நின்று நல்ல காலில் ஊன்றிக் கால்வட்டம் திரும்பி உட்காரும் அளவுதான் தூரம் இருக்க வேண்டும். விழுந்த பக்கம் வைத்தால் அந்தக் காலில் சுமை ஏறி மடங்கிவிடும். சுவர் வசதிக்காக விழுந்த பக்கமே கமோடை வைத்திருக்கும் வீடுகளில் கட்டிலைத் தலைமாடு கால்மாடு திருப்பிப் போட்டாலே போதும்.

கட்டிலின் உயரம், உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதியும் அளவு. படுத்திருந்தவரை எடுத்தவுடன் நிற்கவைக்காதீர்கள். கால் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்காரட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். விழுந்த கையைப் பிடித்தோ, அக்குளில் கை கொடுத்தோ தூக்கவே கூடாது. தோள் மூட்டு நழுவிவிடும். இடுப்பைச் சுற்றி அகலமான துணி பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள்.

உடை. நாடா, ஊக்கு, ஜிப், பட்டன் எல்லாம் ஒற்றைக் கைக்காரருக்கு எதிரிகள். ஆண்களுக்கு முன்பக்கம் வெல்க்ரோ ஒட்டிய லுங்கி அல்லது எலாஸ்டிக் அரைக்கால் சட்டை. பெண்களுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் தளர்ந்த நைட்டி. உள்ளே பாவாடை வேண்டாம். தரையில் புரளும் நைட்டியை மிதித்துத்தான் பலர் விழுகிறார்கள்.

கழிப்பறைக்கே போகக்கூடியவருக்கு: நல்ல கைப்பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத மிதியடி, உட்காருமிடம் முழங்கால் உயரத்துக்கு. இந்தியன் டாய்லெட் என்றால் அதன் மேல் வைக்கும் உயர ஸ்டூல் கிடைக்கிறது. ஆடாததாகப் பார்த்து வாங்குங்கள். கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தால் இரவுக்குக் கண்டிப்பாகக் கமோடு நாற்காலிதான்.

ஆண்களும் உட்கார்ந்தே போகட்டும். விழ மாட்டார்கள், பையும் நன்றாகக் காலியாகும். முடிந்ததும் உடனே எழுப்பாமல் ஒரு நிமிடம் விட்டு, கொஞ்சம் முன்னால் குனிந்து இன்னொரு தடவை முயலச் சொல்லுங்கள். முக்க வேண்டாம்.

9. நேரம் வைத்துக் கூட்டிப்போவது

நோட்டை எடுங்கள். பகலில் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை நனைகிறது? அதற்கு கால் மணி முதல் அரை மணி முன்னால் நாம் முந்திக்கொள்ள வேண்டும். தெளிவாகத் தெரியாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று தொடங்குங்கள். எழுந்ததும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கும் முன்பும் கட்டாயம்.

போனதும் "வாங்க, நேரமாச்சு" என்று இழுக்கக் கூடாது. முதலில் கேளுங்கள்: "அப்பா, துணி காய்ஞ்சிருக்கா, நனைஞ்சிருக்கா?" அவர் சொன்னதைத் தொட்டுப் பார்த்துச் சரியா என்று சொல்லுங்கள். அப்புறம்: "ஒண்ணுக்குப் போகணுமா?" வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேட்டுவிட்டு விடுங்கள், அடுத்த நேரம் எப்போது என்று சொல்லுங்கள். காய்ந்திருந்தாலோ போய் முடித்தாலோ அதை நல்ல வார்த்தையாகச் சொல்லுங்கள். நனைந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் மாற்றுங்கள். இந்தக் கேள்விகள் சம்பிரதாயம் இல்லை. பை நிரம்பிய உணர்வைக் கவனிக்க மூளை மறுபடியும் பழகுவதே இந்தக் கேள்விகளால்தான்.

இரண்டு மூன்று நாள் தொடர்ந்து காய்ந்தே இருந்தால் இடைவெளியைக் கால் மணி நேரம் கூட்டுங்கள். மறுபடி நிலைத்தால் இன்னொரு கால் மணி. மூன்று, நான்கு மணி நேரத்தை எட்டினால் சாதாரண மனிதரின் பழக்கம் வந்துவிட்டது.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, பயந்துகொண்டு அரை மணிக்கொரு தடவை கூட்டிப்போவது. பை நிரம்பவே விடாததால் கொஞ்சத்துக்கே கூப்பிடப் பழகிவிடும். இன்னொன்று, நான்கு நாள் பார்த்துவிட்டு நிறுத்துவது. ஆறு வாரமாவது கொடுங்கள். பகலில் வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அவரும் அதே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். நோட்டைச் சுவரிலேயே தொங்கவிடுங்கள்.

10. பேச்சு வராதவர், ஒரு பக்கம் கவனிக்காதவர்

மூளையின் பேச்சுப் பகுதி அடிபட்டவருக்கு வேண்டிய சொல் வராது, அல்லது வேறு சொல் வந்து விழும். ஒரு வீட்டில் பெரியவர் "சாவி, சாவி" என்று பதறுவார். வீட்டார் பீரோ சாவியைக் கொண்டுவந்து கையில் வைப்பார்கள். அவர் அதைத் தள்ளிவிடுவார், கோபம் வரும், கொஞ்ச நேரத்தில் நனைந்துவிடும். நோட்டில் சாவி கேட்ட நேரத்தையும் எழுதச் சொன்னேன். எல்லாம் நனைவதற்குச் சற்று முன்னால். அன்றிலிருந்து சாவி என்றால் பாட்டில். அதற்கப்புறம் அந்த வீட்டில் சண்டை இல்லை.

எனவே அவர் அடிக்கடி சொல்லும் சொல், நெளிவது, லுங்கியைப் பிடிப்பது, கட்டிலைத் தட்டுவது எல்லாவற்றையும் எழுதுங்கள். கழிப்பறைப் படம் ஒட்டிய ஒரு அட்டையும், நல்ல கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மணியும் கொடுங்கள்.

மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலர் இடது பக்கம் இருப்பதையே கவனிக்க மாட்டார்கள். கண் நன்றாகத்தான் தெரியும். மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்காது. இடது பக்கம் வைத்த பாட்டில் அவருக்கு இல்லாத மாதிரிதான். "பக்கத்துலயே இருக்கு, எடுக்க மாட்டேங்கிறார்" என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை.

11. அவசரத்தை அடக்கப் பழகுவது

சொன்னதைப் புரிந்துகொண்டு செய்யக்கூடியவருக்கு மட்டும்.

அவசரம் வந்ததும் ஓட வேண்டாம். ஓடினால் பை இன்னும் இறுகும், விழவும் வாய்ப்பு. அப்படியே உட்கார்ந்து, வாயு வெளியேறாமல் அடக்குவது போல ஆசனவாய்ப் பகுதியை ஐந்தாறு தடவை சுருக்கி விட வேண்டும். மூச்சை மெதுவாக விட்டு, 20-லிருந்து தலைகீழாக எண்ணலாம். உந்துதல் தணிந்த பிறகு நிதானமாக எழுந்து போகலாம்.

அதே தசைக்குத் தினசரிப் பயிற்சி: சுருக்கி 5 முதல் 8 விநாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 தடவை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். தொடையையோ வயிற்றையோ இறுக்கினால் பலனில்லை. மூச்சைப் பிடித்தால் பிரஷர் ஏறும். வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு நிற்காது. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகக் கூடாது. பை காலியாகாமல் நின்றுவிடும்.

12. இரவு

பகல் சரியான பிறகே இரவைத் தொடுங்கள். இரண்டையும் சேர்த்துத் தொடங்கினால் கவனிப்பவர் ஒரு வாரத்தில் படுத்துவிடுவார்.

படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் குடிப்பதை நிறுத்துங்கள். மாத்திரைக்கு ஒரு மடக்கு போதும். விழுந்த காலில் வீக்கம் இருந்தால், மதியம் ஒரு மணி நேரமாவது காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுக்கவையுங்கள். காலில் தேங்கிய நீர் அப்போதே இறங்கி மாலைக்குள் சிறுநீராகப் போய்விடும். நீர் பிரியும் மாத்திரை மாலையில் இருந்தால் நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி விழிக்கிறாரா? அந்தத் தூக்க மூச்சுத் திணறல் பக்கவாதத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு உண்டு. இரவில் சிறுநீரைக் கூட்டும், பிரஷரையும் ஏற்றும். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

இரவு முழுக்க எழுப்பிக்கொண்டே இருக்காதீர்கள். நோட்டில் வழக்கமாக நனையும் நேரத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை எழுப்பினால் போதும். சிறு விளக்கு எரியட்டும். பாட்டில் நல்ல கைப்பக்கம் இருக்கட்டும்.

13. டயப்பரும் தோலும்

இரவுக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் டயப்பர் நல்ல துணை. பகலில் போட்டே ஆக வேண்டும் என்றால் ஜட்டி போல ஏற்றி இறக்கும் வகையை வாங்குங்கள். நேரம் வைத்துக் கூட்டிப்போக அது தடையாக இருக்காது. டேப் ஒட்டும் வகை படுக்கையிலேயே இருப்பவருக்கு. இடுப்புச் சுற்றளவை அளந்து வாங்குங்கள். பெரிதாக இருந்தால் அதிகம் உறிஞ்சும் என்று நினைக்கிறார்கள். தொடை ஓரமாக வழியத்தான் செய்யும். ஒன்றின் மேல் ஒன்று இரண்டு போடுவதும் வீண். "இன்னும் நிரம்பல" என்று காலையில் போட்டதை மாலை வரை விடுவதுதான் புண்ணுக்கு நேர் வழி. இரண்டு மூன்று மணிக்கொரு தடவை பார்த்து, நனைந்திருந்தால் மாற்றுங்கள். மலம் பட்டால் அந்த நிமிடமே.

வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னோக்கி. மடிப்புகள் முழுதாகக் காய்ந்த பிறகு துத்தநாக ஆக்ஸைடு கிரீம் மெல்லிசாக. பவுடர் கொட்டாதீர்கள்; ஈரத்தில் கட்டியாகி உரசும். அடி முதுகு, இடுப்பு எலும்பு, குதிகால் மூன்றையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு, படுக்கைப் புண்ணின் முதல் படி.

ஆண்களுக்கு இரவில் வெளியே மாட்டும் காண்டம் கதீட்டர் உண்டு. சரியான அளவு, தினமும் புதிது, மாட்டிய பின் தோல் நிறம் மாறவில்லையே என்று பார்ப்பது, பகலில் கழற்றி வைப்பது. நழுவுகிறது என்று சாதாரண பிளாஸ்டரையோ நூலையோ சுற்றிக் கட்டுகிறார்கள். ரத்த ஓட்டம் நின்று அந்தப் பகுதியே கெட்டுவிடும். எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். உணர்ச்சியும் பேச்சும் இல்லாதவரால் வலிக்கிறது என்று சொல்லவே முடியாது.

14. மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசும்போது

ஆறு முதல் எட்டு வாரம் மேலே உள்ளதைச் செய்தும் அவசரமும் கசிவும் குறையவில்லை என்றால், நோட்டையும் மிச்ச அளவு ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு போங்கள். இவை இரண்டும் கையில் இருந்தால் "வயசு" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

பையைத் தளர்த்தும் மாத்திரைகளில் ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின் ஒரு வகை. வாய் வறளும், மலச்சிக்கல் கூடும், வயதானவர்களுக்கு ஞாபகத்தையும் தெளிவையும் கெடுக்கலாம். மிராபெக்ரான் வேறு வகை. மூளையைக் குழப்பும் தொல்லை குறைவு, ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். 180/110 என்ற அளவில் கட்டுப்படாத பிரஷர் உள்ளவருக்குக் கொடுக்கக் கூடாது. புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் எழும்போது தலைசுற்ற வைக்கும். இரவு கமோடுக்கு எழும்போது கூடுதல் துணை வேண்டும்.

எது எழுதினாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: மிச்ச அளவைப் பார்த்தீர்களா, இப்போது சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா, எத்தனை வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்துவது. மாத்திரை தொடங்கி நான்கு வாரம் ஆனதும் மறுபடி மூன்று நாள் நோட்டு எழுதி, பழைய நோட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு முன்பே சிறுநீர் போவது தடைபட்டாலோ, புதிதாகக் குழம்பினாலோ, அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.